அம்மா குடித்த சொட்டு மருந்து

1. எங்கள் ஆட்டுக்கு மடிநோய் வந்தது.
2. மாட்டு டாக்டர் ஊசி போட்டார். மருந்து பாலில் இறங்கும், தான் சொல்லும்வரை கறந்து கீழே ஊற்றிவிடுங்கள் என்றார்.
3. கைக்குழந்தையான என் தம்பிக்குக் காய்ச்சல் வந்தது.
4. அவனுக்குத் தந்த மருந்தை அம்மா குடித்தாள்.

இரண்டாவது நடந்திராவிட்டால் நான்காவது நடந்திருக்காது. அப்பா வெளியூர் வேலையில் இருந்தார். வீட்டில் அம்மா, அப்பாவின் அக்காவான அத்தை, நான், தம்பி. திருச்சுழியில் டாக்டரிடம் காட்டி, சொட்டு மருந்துக் குப்பியோடு திரும்பியிருந்தோம். அம்மா தம்பியை மடியில் கிடத்திக் குப்பியைத் திறந்ததும் அத்தை கையைப் பிடித்துக்கொண்டாள்.

"பச்சப்புள்ள தொண்டையில மருந்த ஊத்துவாகளா? நீ குடி. பால்ல எறங்கும்."

"புள்ளைக்குத்தான மதினி குடுக்கச் சொன்னாக?"

"ஆட்டுக்கு எறங்குது, ஒனக்கு எறங்காதா?"

பால் கொடுப்பவள் குளிர்ந்ததைத் தின்றால் பிள்ளைக்குச் சளி பிடிக்கும் என்று அம்மாவைப் பத்தியத்தில் வைத்திருந்த வீடு அது. ஊசி போட்ட ஆட்டின் பாலைச் சீமைக்கருவேலம் தூரில் ஊற்றி வந்தவள் நான்தான். எனக்கும் அத்தை சொன்னது சரியாகவே பட்டது.

அம்மா குடித்தாள், பிறகு தம்பிக்குப் பால் கொடுத்தாள். அவன் வாயை எடுத்ததும் நான் நெற்றியைத் தொட்டுப் பார்ப்பேன். சுட்டது. அடுத்த முறையும் சுட்டது. மறுநாள் அழுகையை நிறுத்தினான். அதைக் குணம் என்று நினைத்துச் சந்தோஷப்பட்டேன். மதியம் பால் கொடுக்கும்போது சப்பாமல் வாயைத் திறந்தபடி கிடந்தான். அப்போதுதான் பயம் வந்தது. அவன் குடிக்காவிட்டால் மருந்து எந்த வழியாகப் போகும்?

அருப்புக்கோட்டை பஸ்ஸில் அத்தை அவன் பாதத்தை விடாமல் பிடித்துக்கொண்டு வந்தாள். நான் அவன் வயிறு ஏறி இறங்குவதையே பார்த்துக்கொண்டிருந்தேன். பஸ் குலுங்கும்போதெல்லாம் ஏறியது வயிறா பஸ்ஸா என்று தெரியாமல் தவித்தேன்.

ஆஸ்பத்திரியில் நர்ஸ் கேட்டாள். "காய்ச்ச மருந்து குடுத்தீங்களா?"

"குடுத்தோம்மா," என்றாள் அத்தை.

"நாந்தான் குடிச்சேன்," என்றாள் அம்மா.

"ஒங்களுக்கா காய்ச்ச?"

அத்தை ஆட்டுக் கதையைச் சொன்னாள். நர்ஸுக்குச் சிரிப்பும் வந்தது, கோபமும் வந்தது.

"வரும்மா, பால்ல வரும். அண்டாத் தண்ணியில ஒரு கல்லு உப்பப் போட்டாப்புல வரும். அது புள்ளைக்குப் பத்துமா? புள்ளைய இப்பிடிச் சாச்சுப் பிடிங்க."

கன்னத்தின் உட்புறமாகச் சொட்டுச் சொட்டாக விட்டாள். அதற்குள் அத்தை எழுந்து வெளியே போய்விட்டாள். எட்டிப் பார்த்தேன். வராந்தாச் சுவரில் முகத்தை வைத்து, காதைப் பொத்திக்கொண்டு நின்றாள். திட்டு வாங்கிய கோபம் என்று நினைத்தேன். தம்பிக்கு ஊசியும் போட்டு அங்கேயே தங்கவைத்தார்கள். விடிந்தபோது அவன் பசிக்கு அழுதான். அம்மாவும் சேர்ந்து அழுதாள்.

இன்று நான் பால் பரிசோதனைக் கூடத்தில் வேலை பார்க்கிறேன். ஊசி போட்ட மாட்டின் பால் கலந்திருக்கிறதா என்று பார்ப்பதும் என் வேலை. பாலில் மருந்து வருகிறதா என்பது ஒரு கேள்வி, எவ்வளவு வருகிறது என்பது வேறு கேள்வி என்பதைப் படித்துத் தெரிந்துகொண்டேன். அத்தை சொன்னதில் பாதி சரி. அந்த மீதிப் பாதிதான் எனக்கு அன்று புரியவில்லை என்று வெகுகாலம் எண்ணியிருந்தேன்.

புரியாதது வேறொன்று. எனக்கு மகள் பிறந்த பிறகு அம்மா சொன்னாள். அத்தைக்குப் பிள்ளை இல்லை என்றுதான் எனக்குத் தெரியும். பிறந்து, சங்கில் மருந்து புகட்டும்போது புரையேறி, அவள் மடியிலேயே போன பிள்ளை ஒன்று உண்டு என்பது தெரியாது.

தம்பி பந்தல்குடிப் பக்கம் லோடு வண்டி ஓட்டுகிறான். அத்தை இப்போது என்னோடு இருக்கிறாள். என் மகளைக் குளிப்பாட்டுவதும் தூங்கவைப்பதும் அவள்தான். நான் சொட்டு மருந்தை எடுத்தால் மட்டும் வாசலுக்குப் போய்விடுவாள். கொடுத்து முடித்ததும் நான்தான் கூப்பிடுவேன்.