மணலுக்கு முதுகு காட்டிய வீடு

பாலைவன ஓரத்து ஊரான மெர்சூகாவில் பஸ்ஸை விட்டு இறங்கும் வெளிநாட்டுக்காரர்களுக்குத் தங்க இடம் காட்டுவது என் பிழைப்பு. ஜீப்பில் ஏற்றி நாலைந்து விடுதிகளுக்குக் கூட்டிப்போவேன்; பிடித்த இடத்தில் இறங்கிக்கொள்வார்கள். குளியலறை எப்படி, சாப்பாடு எப்படி என்று கேட்பவர்கள் குறைவு. படுத்த இடத்திலிருந்து மணல்மேடு தெரியுமா என்றுதான் எல்லோரும் கேட்பார்கள்.

ஹத்து அண்ணன் வீட்டிலிருந்து தெரியாது. ஊரிலேயே மணலுக்கு முதுகு காட்டி நின்ற விடுதி அது ஒன்றுதான்.

அவரைக் குறை சொல்லியும் பயனில்லை. கூடாரத்தில் பிறந்து ஆடுகளோடு அலைந்தவர். எங்கள் ஆட்கள் கூடாரம் அடித்தால் முதுகு கிழக்கே, வாசல் மேற்கே. கிழக்கிலிருந்துதான் ஷெர்கி வரும். அந்த அனல்காற்று மணல்மேட்டையே அள்ளிக்கொண்டுவந்து தின்கிற தட்டில் போட்டுவிட்டுப் போகும். மழை பொய்த்து ஆடுகள் செத்த பிறகு, மிஞ்சியதை விற்று அண்ணன் மண்சுவர் எழுப்பி விடுதி கட்டினார். கூடாரம் அடித்த அதே புத்தியோடு கட்டினார். கிழக்குச் சுவரில் ஊசி நுழைய இடமில்லை. ஜன்னல்கள் எல்லாம் ரோட்டையும் கழுதை கட்டும் இடத்தையும் பார்த்து இருந்தன.

இன்னொரு காரணம் அவர் மனைவி இத்தோ. அண்ணிக்குச் சின்ன வயதிலிருந்தே இழுப்பு. ஷெர்கி அடித்தால் உதடு நீலமாகிவிடும். கூடாரத்தில் இருந்தவரை உட்கார்ந்தபடியே விடியவைத்தவர், இந்த வீட்டுக்கு வந்துதான் படுத்துத் தூங்கினார்.

நான் ஆட்களைக் கூட்டிப்போவேன். அண்ணன் தேநீர் ஊற்றுவார். எங்கள் வழக்கப்படி மூன்று குவளையும் குடித்துவிட்டு, அறையைப் பார்த்துவிட்டு, மரியாதையாகச் சிரித்துவிட்டு வேறு விடுதிக்குப் போய்விடுவார்கள். எனக்குத்தான் பற்றிக்கொண்டு வரும்.

"ரோட்டைப் பாக்கவா இவ்ளோ தூரம் வந்தோம்னு கேக்குறாங்கண்ணே."

"மணலைப் பாக்கவாடா ஒருத்தன் பிளேன் ஏறி வருவான்? சட்டையை உதறினா கொட்டுது."

உள்ளேயிருந்து என்னைக் கூப்பிட்டு அண்ணியின் குரல் வரும். "பொறந்ததுலேருந்து பாத்துக்கிட்டே இருக்காரு, மூஹா. அதுல ஒண்ணும் கிடைக்கலைங்கற கடுப்பு." சொல்லிவிட்டுச் சிரிப்பார். சிரிப்பு இருமலில் போய் முடியும்.

ஒரு குளிர்காலம் முழுக்க யாரும் தங்கவில்லை. அண்ணிக்கு வாயில் வைத்து உறிஞ்சுகிற மருந்து வேண்டும். அதற்குக் காசு வர விடுதியை விட்டால் வேறு வழியில்லை. காலியான மருந்துக் குப்பியை அவர் குலுக்கிக் குலுக்கி உறிஞ்சுவதை நான் பார்த்தேன். அண்ணனும் பார்த்துக்கொண்டுதான் நின்றார்.

"சுவத்தை இடிங்க" என்றார் அண்ணி.

"மணல் உள்ள வரும் இத்தோ."

"வரட்டும். மருந்து இல்லாமலும் இதே இழுப்புதானே இழுக்குறேன்? ஆளாவது வரட்டும்."

அண்ணன் கடப்பாரையை எடுத்தார். கிழக்கு அறைகளில் பெரிய ஜன்னல்கள் வைத்தார். மேற்கே இருந்த அண்ணியின் அறை வாசலில் கம்பளிகளைத் தொங்கவிட்டார். வெளியே போகும்போது ஜன்னலைச் சாத்துங்கள் என்று விருந்தாளிகளிடம் கெஞ்சிக் கெஞ்சிச் சொல்வார்.

ஆட்கள் வந்தார்கள். என் ஜீப்பில் ஏறுவதற்கு முன்பே அவர் விடுதியின் பேரைச் சொன்னார்கள். அண்ணியின் அலமாரியில் மருந்து வரிசையாக இருந்தது. அந்த வசந்தத்தில் அண்ணன் சந்தைக்குப் போய் அண்ணிக்குப் புதுச் சால்வை வாங்கி வந்தார். அவர் அப்படிச் செய்து நான் பார்த்ததில்லை.

அதற்குப் பிறகுதான் ஒரு இளம் ஜோடி வந்தது. நல்ல பிள்ளைகள்தான், அதுதான் இன்னும் வயிற்றெரிச்சல். காலையில் சூரியனைப் படம் எடுக்க ஜன்னலைத் திறந்தார்கள். அப்படியே விட்டுவிட்டு ஒட்டகமேறிப் போய்விட்டார்கள். ஒட்டகத்தை நடத்திக்கொண்டு அண்ணனும் போய்விட்டார். மத்தியானம் ஷெர்கி எழுந்தது.

அண்ணி தன் அறையிலேயே கிடந்திருக்கலாம். யாரும் ஒரு சொல் சொல்லியிருக்க மாட்டார்கள். ஆனால் விருந்தாளியின் துணி மணலில் கிடக்க வீட்டுக்காரி படுத்துக்கிடப்பதா? எங்கள் பெண்களுக்கு அது சாவதைவிடக் கேவலம். என்ன வளர்ப்போ, என்ன சாபமோ.

காற்று பலத்ததும் மனது கேட்காமல் நான் ஓடினேன். அந்த ஜோடியின் அறையில் ஜன்னல் சாத்தியிருந்தது. அந்தப் பிள்ளைகளின் துணிமணிகள் உதறி மடிக்கப்பட்டிருந்தன. அவற்றை அண்ணியின் புதுச் சால்வை மூடியிருந்தது. அண்ணி கட்டிலுக்குக் கீழே சாய்ந்து கிடந்தார். தூக்கினேன். மூச்சு இல்லை. மருந்து அவர் அறை அலமாரியில், முற்றத்துக்கு அந்தப் பக்கம் இருந்தது.

அன்றைக்கே அடக்கம் செய்தோம். ஜோடியில் வந்த பெண் அழுதுகொண்டே நின்றாள். எதனால் என்று அவளிடம் சொல்லக் கூடாதென்று அண்ணன் என்னைத் தடுத்துவிட்டார். விருந்தாளியின் மனதை நோகடிக்கக் கூடாதாம். அவர்மேல்தான் எனக்கு அன்று அடங்காத கோபம்.

துக்கம் முடிந்த மறுநாள் ஒரு குடும்பம், அந்த ஜன்னல் வீடுதான் வேண்டும் என்று பிடிவாதம் பிடித்தது. இனி விடுதி இல்லை என்று அண்ணன் வாயாலேயே கேட்கட்டும் என்று கூட்டிப்போய், அவர்களை வண்டியிலேயே உட்காரவைத்துவிட்டு உள்ளே போனேன். அண்ணன் முழங்கை வரை சேறாக நின்றார். அந்த ஜன்னலைப் பாதிக்குமேல் மண்கல் வைத்து அடைத்திருந்தார்.

"நல்லதுண்ணே. முழுசா அடைச்சிருங்க" என்றேன்.

கையிலிருந்த கல்லைப் பார்த்துக்கொண்டே நின்றார்.

"யாருக்குடா மூஹா?"

தான் வைத்த கற்களைத் தானே ஒவ்வொன்றாக எடுத்துக் கீழே அடுக்கினார். ஈரச் சேற்றை விரலால் வழித்துத் துடைத்தார். கையைக் கழுவிக்கொண்டு வந்து, கட்டிலில் விரிப்பை உதறிப் போட்டார்.

"வண்டியில இருக்கறவங்களை இறங்கச் சொல்லு" என்றார்.