பன்னிரண்டாம் எழுத்தில் நின்றுபோன வகுப்பு

2025 செப்டெம்பர் 14, ஞாயிற்றுக்கிழமை, ஆராதனை முடிந்து தேநீர் தொடங்குமுன், டென்மார்க், பிரெடெரிசியா எபெனேசர் ஜெபக்கூடத்தின் செயலாளர் திரு. பாலேந்திரா ஒலிவாங்கியில் ஓர் அறிவித்தலை வாசித்தார். ஞாயிறு பள்ளி ஆசிரியை திருமதி விமலராணி அன்புராஜா பிள்ளைகளுக்குக் "கல் வணக்கம்" பழக்கியதால் அவருடைய வகுப்பு நிறுத்தப்படுகிறது என்பதே அது. அதற்கு முன் அவரிடம் ஒரு கேள்வியும் கேட்கப்படவில்லை. பத்தொன்பது ஆண்டுகள் அந்த வகுப்பை நடத்தியவர் அவ்வேளை பின் அறையில் பிள்ளைகளுக்குப் பழரசம் ஊற்றிக்கொண்டிருந்தார். தன் பெயர் கேட்டதும், ஏதோ உதவிக்குத்தான் கூப்பிடுகிறார்கள் என்று எண்ணி, கையைத் துடைத்தபடி ஓடிவந்தார்.

இதுவே என் முறைப்பாடு.

நான் அவருடைய கணவன். பத்தாம் வகுப்போடு பள்ளியை விட்டவன். எழுத்துத் தமிழை நானாகவே படித்துக்கொண்டவன். எங்கள் வீட்டுக்கு வந்த எந்தக் கடதாசியையும் நான் எறிந்ததில்லை.

"இஞ்சருங்கோ, என்னைக் கலியாணம் முடிச்சதுக்கும் ரசீது வைச்சிருக்கிறியளோ?" என்று விமலராணி கேட்பதுண்டு.

"ஓம், மூண்டாம் கோப்பிலை."

"வைச்சிருந்தும் பிரயோசனமில்லை. திருப்பிக் குடுக்கிற தவணை எப்பவோ முடிஞ்சுது."

இப்படிப் பேசும் என் மனைவி கல்லை வணங்கப் பழக்கினாரா என்பதைச் சபையாரே தீர்மானிக்கலாம். நடந்ததை நடந்த ஒழுங்கில் எழுதுகிறேன்.

விமலராணி, வைத்தியசாலைத் துணிகளை வெளுக்கும் சலவைத் தொழிற்சாலையில் இருபத்தாறு ஆண்டுகளாக வேலை செய்கிறார். வரும் கூடைகளில் உள்ளதைப் பிரித்து அடுக்குவது அவர் வேலை. கூடையின் மேலே கிடப்பது கடைசி அறையிலிருந்து வந்தது, அடியில் கிடப்பது முதல் அறையிலிருந்து வந்தது என்று கண்ணால் பார்த்தே சொல்லுவார்.

2022 மே 27, வெள்ளிக்கிழமை, விடுமுறை நாள். எங்கள் குடியிருப்புச் சங்கத்தின் துப்புரவுப் பணிக்கு அவர் பெயர் கொடுத்திருந்தார். அன்று அவருக்குக் கிடைத்த இடம் நகரத்தின் பழைய யூதக் கல்லறைத் தோட்டம். நடுகற்கள் பலவற்றின் தலையில் சிறு சிறு கற்கள் கிடந்தன. பொடியள் விளையாட்டுக்கு வைத்தவை என்று நினைத்து, வரிசை வரிசையாக அத்தனையையும் பொறுக்கி வாளியில் போட்டார். நாற்பத்தொரு கற்கள். பிறகு நடுகற்களை ஈரத்துணியால் துடைத்தும் விட்டார்.

துடைத்து முடிக்கும்போது, கொப்பன்ஹேகனிலிருந்து ரயிலில் வந்த ஈடித் என்ற யூதப் பெண்மணி வாசலில் நின்றார். ஏறக்குறைய விமலராணியின் வயது. அவருடைய பூட்டனும் பூட்டியும் அங்கேதான் அடக்கம் பண்ணப்பட்டிருக்கிறார்கள். அவர் வாளியைப் பார்த்தார், வெறுமையான நடுகற்களைப் பார்த்தார், பிறகு அப்படியே புல்லில் இருந்துவிட்டார்.

"பூ வாடிப்போகும்," என்று டெனிஷில் மெதுவாகச் சொன்னார். "அதனால் நாங்கள் கல் வைக்கிறோம். நான் வந்தேன், உன்னை மறக்கவில்லை என்பதற்காக."

விமலராணிக்கு வெட்கத்தால் டெனிஷ் எல்லாம் மறந்துபோனது. நாற்பத்தொரு வருகைகளை அவர் கூட்டி அள்ளியிருந்தார். ஆனால் கை மறக்கவில்லை. வாளியைக் கொட்டாமல் மேலிருந்து ஒவ்வொன்றாக எடுத்தார். கடைசி வரிசைக் கற்கள் மேலே, முதல் வரிசைக் கற்கள் அடியில். இரண்டு பெண்களும் பின்பக்கத்திலிருந்து முன்பக்கமாக நடந்து, இரண்டரை மணித்தியாலத்தில் கற்களை உரிய வரிசைகளில் திரும்ப வைத்தார்கள். ஒரு வரிசைக்குள் இரண்டொன்று மாறியிருக்கலாம். "அயலவர்கள்தானே, மாற்றிக்கொள்வார்கள்," என்று ஈடித் சிரித்தாராம்.

மூலையில் ஒரு நடுகல்லில் தொடக்கத்திலிருந்தே ஒன்றும் இருக்கவில்லை. எழுத்தும் தேய்ந்துவிட்டது. அதன் மேல் விமலராணி தானாக ஒரு கல்லைத் தேடி வைத்தார். அன்று வீட்டுக்கு வந்து அதைச் சொன்னபோது நான் காரணம் கேட்டேன்.

"அப்பாவின்ர கல்லறை ராணுவம் வேலி போட்ட காணிக்குள்ளை. இருபத்தேழு வருசமா ஒருத்தரும் போகேல்லை. ஆருக்கும் ஒருத்தரும் வரேல்லை எண்டு இருக்கக்கூடாதப்பா."



அதே நாளில், அந்த நடுகற்களில் இருந்த எழுத்துகளின் பெயர்களை ஈடித் சொல்லத் தொடங்கியபோது இன்னொன்றும் நடந்தது. ஆலெப், பேத், கிமெல் என்றதும் விமலராணி அவரை மறித்து, டாலெத் என்று தொடர்ந்தார். ஈடித் திகைத்துப்போனார். நூற்றுப்பத்தொன்பதாம் சங்கீதத்தில் எட்டு வசனத்துக்கு ஒன்றாக அந்தப் பெயர்கள் தமிழ் வேதாகமத்தில் நிற்பதை நாம் எல்லோரும் அறிவோம். சிறு வயதில் விமலராணி அவற்றைப் பாட்டுக்காரரின் பெயர்கள் என்று நம்பியிருந்தார். ஆலெப் முதல் எட்டு வசனத்தைப் பாடுவார், பிறகு பேத் எழும்பிப் பாடுவார். நானும் அப்படித்தான் நினைத்திருந்தேன் என்பதை இங்கே பதிவு செய்கிறேன். அவை எபிரெய எழுத்துகள் என்று அறுபது வயதுக்குக் கிட்ட வந்து அறிந்த மகிழ்ச்சியில், அவர் பஸ்ஸில் இருந்தபடியே எனக்குத் தொலைபேசி எடுத்தார்.

"இஞ்சருங்கோ, ஆலெப் ஆள் இல்லையாம்! எழுத்தாம்!"

அன்று தொடங்கிப் படித்தார். ஒற்றைக்கோட்டுக் கொப்பிகள் ஏழு என்னிடம் உள்ளன. (இணைப்பு 2.) சங்கீதங்களை விரல் வைத்து, வலமிருந்து இடமாக, எழுத்துக்கூட்டி வாசிக்க மூன்று ஆண்டுகள் எடுத்தன. வாசிக்கும்போது தாயிடம் கடிதம் பெற்ற பிள்ளையின் முகம் அவருக்கு.

இந்த ஆண்டு வகுப்பில் ஞாயிறுக்கு ஓர் எழுத்தாகப் பிள்ளைகளுக்குக் காட்டினார். தமிழில் கேட்டால் டெனிஷில் பதில் சொல்லும் பிள்ளைகள், எட்டு வசனங்களைத் தமிழில் மனப்பாடமாகச் சொன்னால்தான் அடுத்த எழுத்து அட்டை கிடைக்கும் என்பதால் சொன்னார்கள். செப்டெம்பர் 7 அன்று பன்னிரண்டாம் எழுத்தாகிய லாமேட் முடிந்தது. அன்று பிற்பகல் பெற்றோரின் கையொப்பத்துடன் (இணைப்பு 3, ஒன்பது கையொப்பங்கள்) பிள்ளைகளைக் கல்லறைத் தோட்டத்துக்குக் கூட்டிச் சென்றார். ஈடித்தும் வந்திருந்தார். ஒவ்வொரு பிள்ளையும் ஒரு கல் வைத்தது. யாரும் யாரையும் வணங்கவில்லை.

அன்று மாலை சபையின் வாட்ஸ்அப் குழுவில் வந்த படத்தில், ஒன்பது வயதுத் தபிதா ஒரு நடுகல்லின் முன் முழங்காலில் இருக்கிறாள். படத்தைப் பெரிதாக்கி அச்சிட்டு இணைத்துள்ளேன். (இணைப்பு 4.) பிள்ளையின் இரண்டு கைகளிலும் இருப்பது சப்பாத்துக் கயிறு. நான் அவளிடம் கேட்டதற்கு, "அங்கிள், அவிழ்ந்துபோச்சு, அதுதான் கட்டினனான்," என்றாள். பிறகு, "அடுத்த எழுத்து எப்ப?" என்றாள்.

செப்டெம்பர் 17 அன்று அதே அறிவித்தல் சபையின் கடிதமாகத் தபாலில் வந்தது. (இணைப்பு 1.) விமலராணி அதைக் குசினி மேசையில் வைத்து இரண்டு முறை வாசித்தார். அழுவார் என்று நான் பயந்தேன். அவரோ பென்சிலை எடுத்து, கடிதத் தலைப்பில் எபெனேசர் என்று அச்சிட்டிருந்த இடத்தின் கீழே எபிரெய எழுத்துகளை வலமிருந்து இடமாக எழுதி, முதல் மூன்று எழுத்துகளுக்குக் கோடு போட்டார்.

"எபென் எண்டால் கல். ஏசெர் எண்டால் உதவி. சாமுவேல் நட்டு வைச்ச கல்லின்ர பேர். பாலேந்திராத் தம்பி கல்லு வைக்கக்கூடாதெண்டு கல்லின்ர பேரிலையே எழுதியிருக்கிறார்."

சிரித்தார். பிறகு எழும்பிப்போய்க் குழாயைத் திறந்து, கழுவி வைத்திருந்த கோப்பைகளைத் திரும்பக் கழுவினார்.

அதன் பின் எட்டு ஞாயிறுகள் போய்விட்டன. எட்டிலும் அவர் சபைக்கு வந்தார். கடைசி வரிசையில் இருந்தார். பிள்ளைகள் பின் அறைக்குப் போகும் நேரத்தில் பாட்டுப் புத்தகத்தைத் திறந்து கண்ணை அதில் வைத்துக்கொண்டார். வீட்டில் யாரையும் குறை கூறவில்லை. இந்தக் கடிதத்தில் திரு. பாலேந்திராவைப் பற்றி நான் எழுதியிருந்த ஒரு பந்தியையும் அவர்தான் வெட்டுவித்தார்.

"அவர் பிழையானவர் இல்லை. தெரியாமல் கூட்டி அள்ளிப்போட்டார். நானும்தானே கூட்டினனான்."

அப்படியானால் திரும்ப வைக்கலாம் என்பதே என் வாதம். விமலராணி நாற்பத்தொரு கற்களைத் திரும்ப வைத்தார். நான் சபையிடம் இரண்டைத்தான் கேட்கிறேன்.

பதின்மூன்றாம் எழுத்தாகிய மேம், நீல அட்டையில் வெட்டப்பட்டு, ஒன்பது பிரதிகளாக எங்கள் குசினி யன்னலடியில் கிடக்கிறது. வீட்டில் உள்ள கடதாசிகளில் அதை மட்டும் நான் கோப்பில் இடவில்லை. அது பிள்ளைகளுக்கு உரியது.

ஆகவே, "கல் வணக்கம்" என்ற சொல் சபைக் குறிப்பேட்டிலிருந்து நீக்கப்படுமா, விமலராணி தன் வகுப்பைத் திரும்பப் பெறுவாரா என்பதற்கு, ஆம் அல்லது இல்லை என்று, செயலாளரின் கையொப்பத்துடன், 2025 நவம்பர் 30 ஞாயிறு ஆராதனைக்கு முன் எழுத்தில் பதில் தருமாறு கேட்கிறேன். தேநீர் வேளையில் வாயால் சொல்லும் பதில் ஏற்கப்படாது. கடிதம் என் மனைவியின் பெயருக்கு வரவேண்டும்.

அன்புராஜா
பிரெடெரிசியா, 2025 நவம்பர் 10