மந்திரப் புத்தகத்தை எந்தத் தட்டில் வைப்பது?

வட்டவளைப் பக்கம் ஒரு தேயிலைத் தோட்டத்துச் சர்ச் வாசிகசாலையில் புத்தகம் கொடுப்பது என் வேலை, அதற்கே எல்லோருக்கும் நான் டீச்சர். இதில் தலைவலிக்கு இடமில்லை என்று நம்பித்தான் நானும் சேர்ந்தேன். உங்களில் யாராவது இப்படி மாட்டியிருந்தால் என் பாடு புரியும்.

பேசும் நரி

"மாயமந்திரம் இருக்கிற பிள்ளைகள் புத்தகங்களைப் பூட்டி வையுங்கள்" என்றார் போதகர். எது மந்திரம் என்று அவர் சொல்லவில்லை, நானும் கேட்கவில்லை. பறக்கும் கம்பளத்தை அலமாரிக்குள் வைத்தேன். பேசும் நரியையும் வைத்தேன். ஞாயிறு பள்ளி நடத்தும் சாமுவேல் அண்ணன் எட்டிப் பார்த்தார். "வேதத்துல பிலேயாமோட கழுதையும் பேசுச்சுங்களே டீச்சர், அத எங்க வைப்பீங்க?"

கறுப்புக் கயிறு

ஆறாம் வகுப்பு ஸ்டெல்லா எழுத்துக்கூட்டி வாசிக்கிற பிள்ளை. ஒரு மந்திரக்காரச் சிறுமியின் கதை கிடைத்ததும் கடகடவென்று வாசிக்கத் தொடங்கினாள். எனக்குப் பெருமை தாங்கவில்லை. இன்னும் முப்பது பக்கம் இருக்கும்போது காய்ச்சல் வந்துவிட்டது. புத்தகத்தால்தான் வந்தது என்று, கொழுந்து பறிக்கும் அவள் அம்மா கிரேஸ் அக்கா அதைத் திருப்பிக் கொண்டுவந்தார். கூட வந்த ஸ்டெல்லாவின் கையில் புதுக் கறுப்புக் கயிறு. கோயில் பூசாரி மந்திரித்ததாம். இதுவும் மந்திரம்தானே என்றேன். "இது காய்ச்சலுக்குக் கட்டுனதுங்க டீச்சர். மந்திரம் புத்தகத்துலதான் இருக்கு."

நான் புத்தகத்தைப் பூட்டினேன். காய்ச்சல் போனது, கயிற்றாலா பூட்டாலா என்று தெரியவில்லை. அதன்பிறகு சனிக்கிழமைதோறும் ஸ்டெல்லா வந்தாள். வேறு புத்தகம் எதையும் தொடாமல் அலமாரியைப் பார்த்துவிட்டுப் போனாள். வாசிப்பையே விட்டுவிடுவாளோ என்று பயந்தேன்.

கடைசி முப்பது பக்கம்

ஒரு சனிக்கிழமை கிரேஸ் அக்காவும் வந்தார், கொழுந்து பறிக்கும்போது இடுப்பில் கட்டும் படங்குச் சாக்கைக் கூட அவிழ்க்காமல். "புள்ள சரியாச் சாப்புடவே மாட்டேங்குது டீச்சர். புத்தகம் லயத்து வீட்டுக்கு வர வேணாம். இங்கனயே வாசிக்கட்டும், நான் பக்கத்துல ஜெபம் பண்ணிக்கிறேன்."

போதகரைக் கேட்காமல் பூட்டைத் திறந்தேன். ஸ்டெல்லா சத்தமாக வாசித்தாள். அக்காவின் உதடுகள் கொஞ்ச நேரம் அசைந்தன, பிறகு நின்றுவிட்டன. கதையில் அந்தச் சிறுமி ஊரைக் காப்பாற்றிவிட்டு, ஊராராலேயே விரட்டப்பட்டுத் தனியாக மலையேறிப் போகிறாள். ஸ்டெல்லா புத்தகத்தை மூடினாள். அக்கா கண்ணைத் துடைத்துக்கொண்டார். "தனியாப் போயிருச்சே அந்தப் புள்ள. நாளைக்குச் சபையில அதுக்கும் ஒரு ஜெபம் சொல்லலாங்களா டீச்சர்?"

போதகர் படிக்கும் ஜெபக் குறிப்பில் அந்த மந்திரக்காரியின் பெயரை எழுதிவிட்டேன், புத்தகத்தை எந்தத் தட்டில் வைப்பது என்றுதான் இன்னும் தெரியவில்லை.