அறுபது இடது கை

அந்தத் தையல் கூடத்தில் அவளை எல்லோரும் 'மாஸ்டர்' என்றுதான் கூப்பிடுவார்கள். துணி வெட்டுவதில் இருபத்திரண்டு வருடப் பழக்கம். நேற்று அவள் செய்ததோ, வேலைக்கு வந்த முதல் வாரத்தில் செய்ய வேண்டிய தப்பு. கோட்டுக்கு ஒரு கையை வரைந்ததும், அளவு அட்டையைப் புரட்டிப் போட்டு மறு கையை வரைய வேண்டும். அவள் புரட்டவில்லை. டாக்டர்களுக்கான முப்பது நீலக் கோட்டுக்கு வெட்டிய அறுபதும் இடது கை. துணிக்கு உள்பக்கம், வெளிப்பக்கம் உண்டு என்பதால் திருப்பித் தைத்து ஒப்பேற்றவும் வழியில்லை.

"முப்பது டாக்டருக்கும் வலது கையே கிடையாது போல" என்றார் இஸ்திரிக்காரர். கூடமே சிரித்தது. அவளும் சிரித்து வைத்தாள். வீட்டுக்குப் போய்த் தலைவலி என்று சொல்லிப் படுத்துவிட்டாள்.

காலையில் முதலாளி மிச்சத் துணியை மேசையில் வைத்தார்.

"இந்தச் சாயத்துல இனிமே துணி இல்ல மாஸ்டர். முப்பது வலது கைக்கு இழுத்துப் பிடிச்சா சரியா வரும். சாயங்காலம் கோட்டு போயாகணும். இதுவும் போச்சுன்னா ஆர்டரே போச்சு."

"வேற யாரையாவது வெட்டச் சொல்லுங்களேன்."

"வேற யாரு இருக்கா?"

துணியை அடுக்கி அட்டையை வைத்தாள். புரட்டினாள். சந்தேகம் வந்து மறுபடி புரட்டினாள். மூன்றாம் முறைக்குப் பிறகு எது வலது என்றே தெரியவில்லை. வாய் தானாக ஓடத் தொடங்கியது.

"மூதேவி! கண்ணை எங்க அடகு வச்ச? இத்தனை வருஷமா என்னத்தக் கிழிச்ச? உன்னையெல்லாம் வேலைக்கு வச்சவங்களைச் சொல்லணும்."

பின்னால் தையல் மெஷின் நின்றது. இந்த வாரம் சேர்ந்த புதுத் தையல்காரி, இரண்டு பிள்ளைக்காரி, கண் கலங்கச் சாப்பாட்டு டப்பாவைப் பைக்குள் திணித்துக்கொண்டிருந்தாள்.

"எங்கம்மா கிளம்பிட்ட?"

"காலர் கோணிப்போச்சு, ஒத்துக்கறேன். அதுக்கு இப்படியா பேசுவீங்க? என் மாமியார்கூட இப்படிப் பேசினதில்ல."

மாஸ்டருக்குத் தூக்கிவாரிப்போட்டது. யார் எதைக் கெடுத்தாலும், "பிரிச்சுத் தைச்சாப் போச்சு" என்பதைத் தவிர ஒரு வார்த்தை சொல்லாதவள் அவள்.

"ஐயோ, உன்னை இல்லம்மா! என்னைத்தான் திட்டிக்கிட்டேன்."

"உங்களையேவா?" புதியவள் மூக்கைத் துடைத்தாள். "சும்மா கேட்ட எனக்கே கை நடுங்குது. இதைக் கேட்டுக்கிட்டே நீங்க எப்படி வெட்டுவீங்க?"

மாஸ்டர் தன் கையைப் பார்த்தாள். நடுங்கிக்கொண்டுதான் இருந்தது. பாவம் அந்தக் கை என்று முதல் தடவையாகத் தோன்றியது.

முகம் கழுவிவிட்டு வந்தாள். நேற்றுப் பாழான இடது கை ஒன்றை எடுத்து மேசையில் விரித்து, அதற்கு எதிர்முகமாக அட்டையை வைத்தாள். இரண்டும் கைதட்டப் போவது போல ஒன்றையொன்று பார்த்தன. இதுதான் வலது. வரைந்துவிட்டு, வெட்டும் மெஷினை ஓடவிட்டாள்.

வளைவில் மெஷின் ஒரு நூல் விலகியது. "மூ..." என்று எழுந்ததை உதட்டிலேயே நிறுத்தினாள். வெட்டு, தையலுக்கு விட்ட ஓரத்துக்குள்தான் இருந்தது.

"சரி விடும்மா. மெதுவாப் பாத்து வெட்டு."

"என்னையா மாஸ்டர்?" என்றாள் புதியவள்.

"இல்ல. இதுவும் எனக்குத்தான்" என்றபடியே மாஸ்டர் வளைவைத் தாண்டினாள்.