சாக்பீஸ் சிலுவையும் அண்ணனின் டிரெய்லரும்

எங்கள் அண்ணன் கர்த்தருக்குள் உறங்கி ஓராண்டு நிறைகிறது. இந்த நினைவு மலரைக் கையில் வாங்கியிருக்கும் உங்களில் பலருக்கு அவர் டிரெய்லரைக் கவிழ்த்தவர். அந்தப் பெயரைத் துடைக்கவே எழுதுகிறேன். அவர் இருந்தபோதே செய்திருக்க வேண்டிய வேலை இது.

சித்தூரை அடுத்த மிஷன் காலனியில் பிறந்தார். அப்பா, எங்கள் நைனா, சீக்கிரமே போய்விட்டதால் எட்டாம் வகுப்போடு படிப்பை விட்டு, மாங்காய்க் கூடை சுமந்து என்னை டீச்சராக்கினார். பிறகு பழைய டிராக்டர் ஒன்றும் அதைவிடப் பழைய டிரெய்லர் ஒன்றும் வாங்கினார். சபைக் காரியம் என்றால் வாடகை கேட்கமாட்டார்.

டிரெய்லரின் பாரத்தைத் தாங்கும் கமான் பட்டைகளைப் பார்க்கிற அக்கறையில் பாதிகூடத் தன்மேல் இல்லை என்று அண்ணி கேலி செய்வார். பட்டையில் விரிசல் உண்டா, கிளாம்ப் தளர்ந்ததா, புஷ் தேய்ந்ததா என்று அடியில் படுத்துப் பார்ப்பார். சரியாக இருந்தால் சாக்பீஸால் சின்னச் சிலுவை போடுவார். சிலுவை இல்லாமல் வண்டி கிளம்பாது.

டிரெய்லர் கவிழ்ந்த அந்த வருஷம், அறுப்பின் பண்டிகைக்கு முந்தின நாள் அவருக்குக் கடும் காய்ச்சல். இடப்பக்கப் பட்டைமேல் சந்தேகம் இருந்ததால், பார்த்துச் சரியாக இருந்தால் சிலுவை போடும்படி மெக்கானிக்கை வரச்சொல்லியிருந்தார். மெக்கானிக் வந்தபோது அண்ணன் தூக்கத்தில் இருந்தார். எழுப்ப மனமில்லாமல், மெக்கானிக் தானே பார்த்துக் குறி போட்டுவிட்டு, யாரிடமும் சொல்லாமல் புதுப் பட்டை வாங்கத் திருப்பதிக்குப் போய்விட்டார். மறுநாள் காலை குனிந்தால் தலைசுற்றுகிறது என்று அண்ணன் பட்டையைப் பார்க்க என்னை அனுப்பினார்.

"பாப்பா, இடப்பக்கம் சிலுவை போட்டுக்கீதா?"

பண்டிகைப் புடவை அழுக்காகும் என்று பாதிதான் குனிந்தேன். "போட்டுக்கீது ண்ணா" என்றேன்.

அது சிலுவை இல்லை. மாற்ற வேண்டும் என்று விரிசலின் மேல் மெக்கானிக் போட்ட பெருக்கல் குறி. வடமாலபேட்டை ரோட்டில் பட்டை முறிந்து, பண்டிகைக்குப் புறப்பட்ட சபையாரோடு டிரெய்லர் கவிழ்ந்தது. எங்கள் அத்தைக்குக் கால் முறிந்தது.

தாம்தான் சரியாகப் பார்க்கவில்லை என்று சபையார் முன் அண்ணன் மன்னிப்புக் கேட்டார். வீட்டில் நான் அழுதபோது, "வண்டி என்னுது பாப்பா. நீ பசங்களுக்குப் பாடம் சொல்லிக்கினு இருக்கிறவ. வாயத் தொறக்காத" என்றார். எனக்கும் அது வசதியாகப் போயிற்று.

பட்டை, ஷாக்கிள், புஷ் என்று இருபக்கமும் எல்லாவற்றையும் புதிதாக மாற்றினார். ஆனாலும் யாரும் ஏறவில்லை. அடுத்த பண்டிகைக்குச் சபையார் வேறு வண்டி பேசினார்கள். அண்ணன் ஆலய வாசலில் காலி டிரெய்லரோடு காத்திருந்துவிட்டுத் திரும்பினார். அதைக் கண்ணால் கண்டும் நான் பேசவில்லை. கடைசியில் சிறுநீரகம் கெட்டு வேலூரில் மூன்று வாரம் கிடந்தார். அப்போதும் பேசவில்லை. என்னை நான் மன்னிக்க முடியவில்லை.

ரத்தம் தந்த வாலிபர்களுக்கும், தினமும் வந்து ஜெபித்த போதகருக்கும், கால் வலியோடு கல்லறைவரை நடந்துவந்த அத்தைக்கும் எங்கள் குடும்பத்தின் நன்றி. அத்தையிடம் போன வாரம் நேரில் சொல்லிவிட்டேன். இப்போது உங்களுக்கும் சொல்கிறேன். அண்ணன் பார்த்து அனுப்பிய வண்டி ஒருநாளும் கவிழ்ந்ததில்லை. அன்றைக்குப் பார்த்தவள் நான்.