தேயிலைப் பெட்டிப் படியும் நுவரெலியா சீசனும்

போன பதிவுக்குக் கீழே ஒருவர் கேட்டிருந்தார்: "குடும்பத்தோடு கேரவனில் மலையகம் சுற்றலாமா? சமையல், படுக்கை எல்லாம் வண்டிக்குள்ளேயே சரிப்படுமா?" சரிப்படும் ஐயா. நாங்கள் அறுபதாம் ஆண்டு வாக்கிலேயே அப்படிப் போய் வந்தவர்கள். கேரவன் என்று பெயர் தெரியாது, அவ்வளவுதான். எங்களுக்கு அது அப்பாவின் லொறி. ஹட்டனிலிருந்து நுவரெலியாவுக்கு ஏப்ரல் சீசனில், அதுவும் குதிரைப் பந்தயம் நடக்கிற சனிக்கிழமையில் போனோம். பூங்கா பார்க்க இல்லை. என்னைப் பெண் பார்க்க.

அப்பாவுக்கு ஹட்டனில் அரிசி, பருப்பு, கருவாடு விற்கும் கடை. தோட்டங்களுக்குச் சாமான் ஏற்றிப்போகத்தான் லொறி. குடி கிடையாது, பொய் கிடையாது. குதிரைப் பந்தயம் மட்டும் உண்டு. அதற்கும் அம்மா ஒரு தைப்பூசத்தன்று முடிவு கட்டினாள். கோயிலில் கற்பூரத்தை ஏற்றி, "இனிமே ரேஸ் மைதானத்துல கால் வைக்க மாட்டேன்னு சொல்லுங்க" என்றாள். அப்பாவும் அந்த வார்த்தையை அப்படியே திருப்பிச் சொன்னார். சொன்ன சொல் மாறாத மனுஷன். வம்பே அங்கேதான் வந்தது.

நான் அப்போது ஒரு தோட்டப் பள்ளிக்கூடத்தில் முதலாம் வகுப்புக்குப் படிப்பித்துக்கொண்டிருந்தேன். அந்தப் பிள்ளைகளை விட்டுவிட்டு யாரையும் கட்டிக்கொள்வதாக இல்லை. வேலையை விடச் சொன்ன இரண்டு வரன்களை ஏற்கெனவே திருப்பி அனுப்பியிருந்தேன். மூன்றாவது, நுவரெலியா மருந்துக் கடையில் வேலை பார்க்கும் சேகர். அவருடைய அப்பா கந்தப்பளைப் பக்கத் தோட்டமொன்றில் கணக்கப்பிள்ளை. அந்த வீட்டிலிருந்து தரகர் இரண்டு நிபந்தனை கொண்டு வந்தார். சூதாட்டம் இல்லாத குடும்பமாக இருக்க வேண்டும். கல்யாணத்துக்குப் பிறகு பெண் வேலைக்குப் போகக் கூடாது.

"அப்ப வேணாம்னு சொல்லிருங்க" என்றேன்.

"போட்டோவுல பையன் நல்லாத்தான இருக்கான். போயி பாப்போம். புடிக்கலன்னா சீசனப் பாத்துட்டு வந்துருவோம்" என்றாள் அம்மா.

அந்தப் போட்டோவையும் சொல்ல வேண்டும். எண்ணெய் வழிய வாரிய தலை, கழுத்தை இறுக்கிய பொத்தான், பின்னாலிருந்து யாரோ கிள்ளியது போன்ற முகம். அதை வைத்து அந்த ஆளைத் தெருவில் அடையாளம் காண அவருடைய தாயாராலும் முடியாது.

கணக்கப்பிள்ளை அந்தச் சனிக்கிழமைதான் வேண்டுமென்று ஒற்றைக்காலில் நின்றாராம். அம்மா பஞ்சாங்கத்தைப் புரட்டிவிட்டு, "அன்னைக்கு ஒரு விசேஷமும் இல்லையே, எதுக்கு இந்தப் புடிவாதம்?" என்று கேட்டாள். அப்பா வழக்கத்துக்கு மாறாக உடனே சம்மதித்தார். சீசனில் அறை கிடைக்காதே என்றதற்கு, "நம்ம லொறி இருக்கையில ரூம் எதுக்கு?" என்றார். அப்போதே எனக்குச் சந்தேகம் வந்திருக்க வேண்டும்.

லொறி இரண்டே நாளில் வீடானது. தார்ப்பாய்க்குக் கீழே கோதுமை மாச்சாக்கில் தைத்த திரை, தேங்காய்த் தும்பு மெத்தை, மண்ணெண்ணெய் அடுப்பு, தண்ணீர்ப் பீப்பா, முருகன் படம் போட்ட நாட்காட்டி. ஒரே குறை உயரம். லொறியின் பின்பலகை அம்மாவின் நெஞ்சுக்கு வரும். அதனால் ஏறி இறங்க அப்பா ஒரு தேயிலைப் பெட்டியைப் படியாகப் போட்டார். மெல்லிய பலகை, ஓரமெல்லாம் தகரம் அடித்தது, கொழும்புக்குத் தேயிலை போகுமே அந்தப் பெட்டி. இதை ஞாபகத்தில் வைத்துக்கொள்ளுங்கள்.

காலை ஐந்தரைக்குப் புறப்பட்டோம். ஓட்டியது பியசேன அண்ணன். சிங்களவர், ஆனால் எங்களைவிட நன்றாகத் தமிழில் திட்டுவார். கொட்டகலை தாண்டி, டெவன் நீர்வீழ்ச்சி தெரிகிற வளைவில் நிறுத்தித் தேநீர் குடித்தோம். நீங்கள் போனாலும் அங்கே நிறுத்துங்கள், பனி விலகும்வரை காத்திருங்கள்.

அங்கேதான் அம்மா மூக்கைச் சுளித்தாள். மூன்று வருஷம் கருவாடு ஏற்றிய லொறி, கழுவினால் மட்டும் போகுமா? "மாப்பிள்ள வீட்டுக்காரங்க இவள மோந்து பாத்தா என்ன நெனப்பாங்க?" என்று சட்டியில் நெருப்புப் போட்டுச் சாம்பிராணியை அள்ளிக் கொட்டினாள். லொறி தலவாக்கலைக் கடைத்தெருவுக்குள் நுழைந்தபோது திரையின் எல்லாப் பக்கமும் புகை.

"லொறி பத்துது! லொறி பத்துது!" என்று தெருவே கத்தியது. பியசேன அண்ணன் பிரேக்கை மிதித்தார். அடுத்த நிமிஷம் தேநீர்க் கடைக்காரர் ஒரு வாளி, சலூன்காரர் ஒரு வாளி, பெயர் தெரியாத புண்ணியவான்கள் ஆளுக்கொரு வாளி. திரையை விலக்கி, "நெருப்பில்லங்க, சாம்பிராணி!" என்று நான் சொல்ல வாயைத் திறந்தேன். அதற்குள்ளும் ஒரு வாளி வந்தது.

பெண் பார்க்கக் கட்டியிருந்த பச்சைப் பட்டு தொப்பலாகிவிட்டது. அம்மா அந்தத் தெருவைப் பார்த்து, "நல்லாருப்பீங்களா? பட்டுடா இது!" என்று தொடங்கியவள் நானுஓயா வரை நிறுத்தவில்லை. பள்ளிக்கூடத்துக்குக் கட்டும் மஞ்சள் பருத்திச் சேலை ஒன்று பையில் இருந்ததால் மானம் தப்பியது. மாற்றுத் துணியைத் தனியாகக் கட்டி வையுங்கள். இன்னொன்று, லிந்துலைக்கு அப்பால் வளைவு அதிகம், ஓடும்போது சோறு வடிக்காதீர்கள். எங்கள் கஞ்சி முருகன் படத்தின் மேல்தான் வடிந்தது.

பதினொரு மணிக்கு நுவரெலியா. வாவிக் கரையோரம் லொறியை நிறுத்தி, பச்சைப் பட்டைத் தார்ப்பாயின் மேல் விரித்துக் காயப்போட்டோம். எதிரே கூப்பிடு தூரத்தில் பந்தய மைதானம். கொழும்பிலிருந்து வந்த தொப்பிக்காரத் துரைமார், குடை பிடித்த சீமாட்டிகள், கடலைக்காரர்கள், ஜோசியக்காரர்கள் என்று ஊரே அந்தப் பக்கம் போய்க்கொண்டிருந்தது. அப்பா அந்தத் திசைக்கு முதுகைக் காட்டி உட்கார்ந்து சாப்பிட்டார். காது மட்டும் அங்கேயே இருந்தது.

நாலு மணிக்குப் பூங்காவில் சந்திப்பதாக ஏற்பாடு. நான் சற்றுக் கண்ணயர்ந்திருப்பேன். அம்மாவின் குரல் எழுப்பியது. "பெட்டி எங்கடி?"

லொறி விளிம்பில் ஒரு காலைத் தொங்கப்போட்டபடி அம்மா நின்றாள். கீழே படி இல்லை. அப்பாவும் இல்லை. பியசேன அண்ணன் மேகத்தைப் பார்த்துக்கொண்டிருந்தார்.

"முதலாளி தண்ணி எடுக்கப் போனாரும்மா."

"தண்ணிக்குப் போறவரு வாளிய வச்சிட்டுப் பெட்டியவா தூக்கிட்டுப் போவாரு?"

அண்ணன் இப்போது வாவியைப் பார்க்க ஆரம்பித்தார். அம்மாவால் இறங்க முடியாது. நான் குதித்து ஓடினேன்.

மைதானத்து வேலியோரம் ஒரே நெரிசல். அப்பாவைத் தேடிக்கொண்டு போனபோது, மூக்குக் கண்ணாடி, குரங்குத் தொப்பியோடு ஒரு இளைஞர் குறுக்கே வந்தார். "ஏங்க, கோட்டுப் போட்டு, கையில குடையோட உயரமா ஒருத்தரப் பாத்தீங்களா? எங்க அப்பா."

"பாக்கலீங்க. பெட்டியத் தூக்கிட்டு ஒருத்தர் போனதப் பாத்தீங்களா? எங்க அப்பா."

இரண்டு பேரும் ஒரே வேலையாக வந்திருக்கிறோம், சேர்ந்தே தேடலாம் என்று நடந்தோம். அவர் கைக்கடிகாரத்தைப் பார்த்துப் பார்த்துத் தவித்தார். "நாலு மணிக்குப் பொண்ணு பாக்கப் போகணும். ஹட்டன்லருந்து வாறாங்க. டீச்சராம். பச்சைப் பட்டுல இருப்பாங்கன்னு தரகர் சொன்னாரு."

மஞ்சள் சேலையை இழுத்துப் போர்த்திக்கொண்டு, ஒன்றும் தெரியாதவள் போல் கேட்டேன். "கல்யாணத்துக்குப் பொறகும் படிச்சுக் குடுப்பாங்களா?"

"எங்க அப்பா வேணாங்கிறாரு. எனக்கு அது சரியாப் படல. என்னைய மருந்துக் கடைய விடச் சொன்னா நான் விடுவேனா?" என்றவர், தொப்பியைச் சொறிந்துகொண்டு, "ஆனா அவர எதுத்துப் பேச எனக்கு இன்னும் தைரியம் வரலைங்க" என்றார்.

தைரியம் இல்லை என்று ஒப்புக்கொள்கிற ஆம்பளையை அன்றுதான் முதலில் பார்த்தேன். எனக்கு அவரை அந்த இடத்திலேயே பிடித்துவிட்டது. இப்போது எனக்கு வேலையும் வேண்டும், இவரும் வேண்டும். நடுவில் நிற்பவர் கணக்கப்பிள்ளை ஒருவர்தான்.

அவர் எங்கே நின்றார் என்கிறீர்கள்? எங்கள் தேயிலைப் பெட்டியின் மேல்.

வளைவு திரும்புகிற இடத்தில், கூட்டத்துக்கு மேலே இரண்டு முதுகுகள் தெரிந்தன. ஒன்று அப்பா, மற்றது கோட்டும் குடையும். ஒருவர் தோளை ஒருவர் கட்டிக்கொண்டு, "ஏழு! ஏழு! வாடா ராசா!" என்று ஒரே குரலில் கத்திக்கொண்டிருந்தார்கள். குதிரைகள் கடைசிக் கம்பத்தை நெருங்கின.

"அப்பா!" என்றேன். அதே நேரம் பக்கத்திலிருந்தும் "அப்பா!" என்று குரல். இரண்டு பேரும் திரும்பினார்கள். பெட்டி படீரென்று உடைந்தது. ஏழாம் நம்பர் ஜெயித்ததா தோற்றதா என்பதை அவர்கள் பார்க்கவே இல்லை.

புழுதியைத் தட்டிக்கொண்டு அப்பா முந்திக்கொண்டார். "உங்கம்மா மேல சத்தியமா, நான் மைதானத்துல கால் வைக்கல! பெட்டி மேலதான் நின்னேன்!"

"இப்ப எங்கப்பா நிக்கிறீங்க?"

அப்பா குனிந்து தம் கால்களைப் பார்த்தார். மைதானத்துப் புல்லில் இருந்தன.

குரங்குத் தொப்பிக்காரர் என்னையும் அப்பாவையும் மாறி மாறிப் பார்த்தார். "நீங்க... ஹட்டனா? பச்சைப் பட்டு?"

"அது லொறி மேல காயுது" என்றேன்.

கணக்கப்பிள்ளையின் முகத்தில் ஈயாடவில்லை. அரை மணி நேரமாகத் தோளில் கை போட்டிருந்தவர் யாரென்று அப்போதுதான் அவருக்கு விளங்கியது. குரலைத் தாழ்த்தி, "தாயி, இது வீட்டுப் பொம்பளைங்க காதுக்குப் போக வேணாம்" என்றார். நான் சரி என்றும் சொல்லவில்லை, மாட்டேன் என்றும் சொல்லவில்லை.

மூன்றரைக்கு மழை பிடித்துக்கொண்டது. பூங்காவில் வைத்திருந்த பெண் பார்த்தல் லொறிக்குள் வந்தது. படி இல்லாததால் மாப்பிள்ளையின் அம்மாவை மேலிருந்து அம்மா இழுக்க, கீழிருந்து மாப்பிள்ளை தாங்க, ஒருவழியாக ஏற்றினோம். அப்பா கைகூப்பி, "வாங்க வாங்க, இப்பத்தான் மொத தடவையாப் பாக்குறோம்" என்றார். கணக்கப்பிள்ளையும், "ஆமாமா, தரகர் சொல்லிக் கேள்விதான்" என்றார். சேகர் தொப்பியைக் கண் வரைக்கும் இழுத்துவிட்டுக்கொண்டார்.

மனைவி பக்கத்தில் உட்கார்ந்ததும் கணக்கப்பிள்ளைக்குப் பழைய கம்பீரம் திரும்பிவிட்டது. தொண்டையைச் செருமினார். "பொண்ணப் புடிச்சிருக்கு. ஆனா ஒண்ணு. பொம்பளைய வேலைக்கு அனுப்புற வழக்கம் எங்ககிட்ட இல்ல."

நான் காப்பித் தம்ளரை அவர் முன்னால் நீட்டி, ரொம்ப மரியாதையாகக் கேட்டேன். "மாமா, கால்ல அடி ஒண்ணும் படலையே?"

"என்ன அடி?" என்றார் அவருடைய மனைவி.

கணக்கப்பிள்ளை காப்பியை ஒரே மடக்கில் குடித்தார். கொதிக்கிற காப்பி. கண்ணில் தண்ணீர் வந்தது. "ஆனா... காலம் மாறுதில்ல?" என்றார். "புள்ளைங்களுக்கு எழுத்தறிவிக்கிறது புண்ணியம். அதுபாட்டுக்குப் போகட்டும்."

அம்மா அவரை ஏற இறங்கப் பார்த்தாள். பிறகு அப்பாவைப் பார்த்தாள். இரண்டு வேட்டியிலும் முழங்காலுக்குக் கீழே, தகரம் கீறியது போல ஒரே மாதிரிக் கிழிசல். ஊசியையும் நூலையும் எடுத்து இரண்டு சம்பந்திகளுக்கும் நடுவில் வைத்தாள்.

இனி, போக நினைப்பவர்களுக்கு. சீசனில் அறையை முன்கூட்டியே பிடியுங்கள். கம்பளி, குடை இரண்டும் எடுத்துக்கொள்ளுங்கள், மத்தியான வெயிலை நம்பாதீர்கள். வண்டிக்குள் சாம்பிராணி போடாதீர்கள். கல்யாணம் பேசப் போகிறீர்களென்றால் பூங்காவில் சந்திக்காதீர்கள், அங்கே எல்லாரும் நல்லவர்கள். கூட்டத்தில் அப்பாவைத் தொலைத்துவிட்டுத் தேடுகிற நேரத்தில்தான் மனுஷர் எப்படிப்பட்டவர் என்று தெரியும். என் வீட்டுக்காரர் இதைப் படித்துவிட்டு, குரங்குத் தொப்பியை மட்டும் எடுத்துவிடச் சொன்னார். எடுக்கவில்லை.

ஓய்வு பெறும் நாள்வரை நான் படிப்பித்தேன். மாமனார் ஒரு வார்த்தை சொன்னதில்லை. சம்பந்திகள் இருவரும் ஒவ்வொரு ஏப்ரலிலும் மலர்க் கண்காட்சி பார்க்கவென்று அதே லொறியில் நுவரெலியா போவார்கள். முதல் வருஷம் அவர்கள் புறப்படும்போது, அம்மா பியசேன அண்ணனைக் கூப்பிட்டு இரண்டு தேயிலைப் பெட்டிகளை ஏற்றச் சொன்னாள்.

"எதுக்கு ரெண்டு?" என்றார் அப்பா, திருதிருவென்று விழித்துக்கொண்டு.

"ஆளுக்கொண்ணு" என்றாள் அம்மா. "ஒண்ணுல ரெண்டு பேரு நின்னா தாங்க மாட்டேங்குதே."