உள்ளறை வகுப்பு

பதுளைத் துணிக்கடைக்காரரின் மனைவி ஸபியா உம்மாவுக்கு எழுதப் படிக்கத் தெரியாது. மகள் நளீராவாவது கற்க வேண்டும் என்று பிடிவாதமாக இருந்தாள். 1912இல் ஊர் மிஷன் பள்ளிக்கு வந்த புது வெள்ளைக்கார ஆசிரியை, மிஸ்ஸி, "முக்காட்டை எடுத்தால்தான் வகுப்பு, பெண்ணுக்கு அதுதான் விடுதலை" என்று சட்டம் போட்டாள். முஸ்லிம் பெண்பிள்ளைகள் மட்டுமே இருந்த வகுப்பு; மறுநாள் முதல் ஒன்பது பேரும் வீட்டிலேயே விடுதலையாக இருந்தார்கள்.

ஸபியா உம்மா நேரே மிஸ்ஸியிடம் போனாள். "எங்க வீட்டு உள்ளறைக்கு ஆம்பிளைங்க வரமாட்டாங்க, மிஸ்ஸி. அங்க ஒருத்தரும் முக்காடு போடுறதில்ல. அங்க வந்து எல்லாப் பிள்ளைங்களுக்கும் சொல்லிக் குடுங்க."

பிள்ளைகள் இல்லாத வகுப்பில் சலித்துப்போயிருந்த மிஸ்ஸி, மேடேறி மூச்சிரைக்க வந்தாள். ஒன்பது தலைகளும் எண்ணெய் மினுங்கத் திறந்திருந்தன.

"தொப்பியக் கழட்டுங்க மிஸ்ஸி. சட்டம் எல்லாருக்குந்தானே?" என்றாள் ஸபியா உம்மா.

மிஸ்ஸி கழற்றினாள். நளீரா 'அ' எழுதினாள். பக்கத்தில் உட்கார்ந்து உம்மாவும் எழுதினாள்.